லுனா, லுனூ, லுன்யே

ரஷ்ய மொழியின் ஆரம்பப் பாடங்களில் குடும்பம், உணவு, கடைத்தெரு எல்லாம் முடிந்த பிறகு விண்வெளி வந்து சேரும். ஏப்ரல் 12 அந்த நாட்டில் விண்வெளிப் பயண நாள். 1962 முதல் கொண்டாடுகிறார்கள். ஆகவே சிறு பிள்ளைகளுக்கும் புதிதாக மொழி கற்பவர்களுக்கும் இருபது முப்பது விண்வெளிச் சொற்களைத் தொடக்கத்திலேயே கையில் கொடுத்துவிடுவது அங்கே இயல்பு. நான் ரசித்துச் சொல்ல விரும்புவது அந்தச் சிறு பட்டியலைத்தான். ரஷ்ய ஒலிகளை நம் எழுத்தில் முழுதாகப் பிடிக்க முடியாது. காதில் ஏறக்குறைய எப்படி விழுகிறதோ அப்படியே எழுதிப் போகிறேன்.

பட்டியலின் மேல்வரிசைச் சொற்களுக்கு விளக்கமே வேண்டாம். ரகேத்தா, ப்லனேத்தா, கமேத்தா, அர்பீத்தா: ராக்கெட், கோள், வால்மீன், சுற்றுப்பாதை. உலக மொழிகள் பலவற்றில் இவை இப்படித்தான் இருக்கின்றன. சுவை இவற்றைத் தாண்டிய பிறகே தொடங்குகிறது. ரஷ்ய மொழி தன் சொந்த வேர்களிலிருந்து எடுத்துக் கட்டிய சொற்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பாதை இருக்கிறது, மண் இருக்கிறது, நடை இருக்கிறது, ஆற்றுப் பனி இருக்கிறது, ஒரு கிராமமே இருக்கிறது. வானத்துக்கென்று புதிதாக எதையும் வார்க்காமல், காலுக்குக் கீழே இருந்த சொற்களையே எடுத்து மேலே அனுப்பியிருக்கிறார்கள்.

உலகம் முழுக்கத் தெரிந்த சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஸ்பூத்னிக். நடுவிலிருக்கும் ‘பூத்’ என்றால் பாதை, வழி. முன்னால் நிற்கும் ‘ஸ்’ என்ற ஒற்றை மெய்க்கு ‘உடன்’ என்று பொருள். கடைசியில் வரும் ‘னிக்’ ஆளைக் குறிக்கும் விகுதி. சேர்த்துப் படித்தால் உடன் வழி வருபவர், அதாவது வழித்துணை. 1957க்கு வெகு காலம் முன்பே ரஷ்யர்கள் பயணத்தில் கூட வருபவரை ஸ்பூத்னிக் என்று அழைத்துவந்தார்கள். வாழ்க்கைத் துணையைச் சொல்லவும் இதே சொல்தான். பூமியைச் சுற்றும் நிலாவையும் வானியல் நூல்கள் அப்படியே அழைத்தன. 1957 அக்டோபர் 4 அன்று 83.6 கிலோ எடையும் 58 செ.மீ. விட்டமும் கொண்ட ஓர் உலோகப் பந்தை மேலே அனுப்பியபோது அதற்குத் தனிப்பெயர் சூட்டும் மெனக்கெடலே இருக்கவில்லை. பொறியாளர்கள் தமக்குள் அதை ‘மிக எளிய ஸ்பூத்னிக்’ என்ற பொருளில் இரண்டு எழுத்தாகச் சுருக்கி அழைத்தார்கள். 96 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றிவந்து, மின்கலம் தீரும்வரை மூன்று வாரம் பீப் பீப் என்று குரல் கொடுத்தது. அந்தக் குரலில் பல நாடுகள் அச்சத்தைக் கேட்டன. சொல்லின் உள்ளே இருந்ததோ, தனியாகப் போகாதே, நானும் வருகிறேன் என்கிற பரிவு. தமிழில் நாம் வைத்த ‘துணைக்கோள்’ என்ற பெயரிலும் அந்தத் துணை இருக்கிறது என்பதை இந்த இடத்தில் நினைத்து மகிழலாம்.

அதே ‘பூத்’ மறுபடி தலைகாட்டுவது ‘ம்லேச்னி பூத்’ என்னும் பால்வழியில். பாதை ஒன்றுதான்: ஊருக்குப் போகிறவர் நடப்பதும் அதில், இரவு வானில் வெளுத்துக் கிடப்பதும் அது.

பட்டியலிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் அடுத்து வருகிறது. 1961இல் யூரி ககாரின் ஏறிச் சென்ற கலத்தின் பெயர் வஸ்தோக். நம் செய்தித்தாள்கள் வோஸ்டாக் என்று எழுதின. எழுத்தில் ‘ஓ’ இருந்தாலும், அழுத்தம் விழாத ‘ஓ’வை ரஷ்யர்கள் ‘அ’வாகத் தளர்த்திவிடுவார்கள், ஆகவே வஸ்தோக். கிழக்கு என்று பொருள். பிரித்தால் ‘வஸ்’ என்பது மேல்நோக்கி. ‘தோக்’ என்பது ஓட்டம், ஒழுக்கு, மின்னோட்டத்தைச் சொல்லவும் பயன்படும் சொல். கிழக்கு என்றால் மேலே பொங்கி ஓடுவது. கதிரவன் அடிவானத்திலிருந்து ஊற்றெடுக்கும் திசை அது. மேற்கு என்ன? ஸாபத். ‘ஸா’ என்றால் பின்புறம், ‘பத்’ என்றால் விழுதல். ஒளி பின்னால் போய் விழுகிற திசை. இந்த ‘பத்’தைப் பாடப் பட்டியலின் வேறொரு மூலையிலும் காணலாம்: எரிநட்சத்திரத்துக்கு ரஷ்யச் சொல் ‘பாதாயுஷ்ஷயா ஸ்வெஸ்தா’, விழுகின்ற விண்மீன். ஆக இந்த இரண்டு சொற்களை எழுத்துக் கூட்டி வாசித்தவருக்குக் கிழக்கு எழுவதும் மேற்கு விழுவதும் சேர்ந்தே தெரிந்துவிடுகிறது.

தமிழ் வாசகருக்கு இங்கே இன்னொரு சுவை காத்திருக்கிறது. நம் கிழக்கு ‘கீழ்’ என்பதிலிருந்து வந்தது. மேற்கு ‘மேல்’ என்பதிலிருந்து. மேற்குத் தொடர்ச்சி மலையில் தொடங்கி வங்கக் கடல்வரை சரிந்து இறங்கும் நிலம் நமது. ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அது கீழ், எங்கிருந்து வருகிறதோ அது மேல். தமிழன் திசைக்குப் பெயரிட நிலத்தைப் பார்த்தான். ரஷ்யன் கதிரவனைப் பார்த்தான். இரண்டு மொழிகளும் ஓட்டத்தைத்தான் பார்த்தன, ஆனால் ஒன்றுக்குத் தண்ணீரின் ஓட்டம், மற்றதற்கு ஒளியின் ஓட்டம். அதனால் அவர்களுடைய கிழக்கு மேலே ஏறுகிறது, நம்முடைய கிழக்கு கீழே இறங்குகிறது. அகராதியில் ‘வஸ்தோக் = கிழக்கு’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் சமக்குறியின் இரு பக்கமும் இரண்டு தனித்தனி நிலப்பரப்புகள் விரிந்து கிடக்கின்றன.

வஸ்தோக்குக்கு அடுத்து 1964 அக்டோபரில் பறந்த கலத்தின் பெயர் வஸ்ஹோத், சூரிய உதயம். அதே ‘வஸ்’, பின்னால் வருவது ‘ஹோத்’, நடை. மேலே நடந்து வருவது. 1998 நவம்பர் 20 அன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியாக மேலேறியதன் பெயர் ஸர்யா. வானம் சிவக்கும் பொழுதைக் குறிக்கும் சொல் அது. காலைச் சிவப்புக்கும் மாலைச் சிவப்புக்கும் பொது. சங்கத் தமிழில் ‘அந்தி’ என்ற சொல் காலைக்கும் மாலைக்கும் பொதுவாக இருந்ததை அறிந்தவர்களுக்கு ஸர்யா உடனே சொந்தமாகிவிடும். 2010இல் சேர்ந்த இன்னொரு பகுதிக்கு ரஸ்வேத், ஒளி பரவும் விடியல் என்று பெயர். கிழக்கு, உதயம், செவ்வானம், விடியல்: நாற்பத்தொன்பது ஆண்டுகளில் ஒரே காலைப்பொழுதின் நான்கு படிகளைக் கலங்களின் மேல் எழுதிவைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே வரிசைப்படுத்தியதாகத் தெரியவில்லை. விண்வெளி என்றதும் அந்த மொழியின் கை தானாக விடியலை நோக்கிப் போகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

‘ஹோத்’ என்னும் நடையைக் கொஞ்சம் தொடர்வோம். 1970 நவம்பர் 17 அன்று நிலாவின் மழைக் கடல் என்று பெயர் பெற்ற சமவெளியில் எட்டுச் சக்கர வண்டி ஒன்று இறங்கியது. பூமியிலிருந்து ஓட்டப்பட்டு வேறொரு விண்பொருளின் மேல் ஊர்ந்த முதல் வண்டி. பெயர் லுனஹோத், நிலா நடையன். பத்து கிலோமீட்டருக்கு மேல் போனது. சக்கரத்தில் உருளும் ஒன்றை நடப்பதாகச் சொல்வானேன் என்று கேட்கலாம். ரஷ்ய மொழியில் நீராவிக் கப்பல் பரஹோத், ஆவியால் நடப்பது. பாதசாரி பெஷெஹோத். எல்லாவற்றிலும் அழகான உறவுக்காரன் லெதஹோத்: குளிர்காலம் முழுக்க உறைந்து கிடந்த ஆறு வசந்தத்தில் வெடித்து, பனிப்பாளங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகரும் அந்தச் சில நாட்களுக்குப் பெயர் அது. பனி நடப்பது என்று பொருள். ஆற்றுப்பனி நடந்த ஊரில் நிலா வண்டியும் நடக்கத்தான் செய்யும். இன்று செவ்வாயில் உலவும் வண்டிகளை, அவை அமெரிக்கா அனுப்பியவையே ஆனாலும், ரஷ்யர்கள் மர்ஸஹோத் என்றுதான் சொல்கிறார்கள்.

பூமிக்கு ரஷ்யச் சொல் ஸெம்ல்யா. கோளும் அதுதான், நிலமும் அதுதான், கையில் அள்ளும் மண்ணும் அதுதான். ஒரே ஊர்க்காரர் ஸெம்ல்யாக். தரையை ஒட்டிப் பழுக்கும் காட்டு ஸ்ட்ராபெரி ஸெம்லியனீகா. ககாரின் திரும்பி வந்த இடத்தை நினைத்தால் இந்தச் சொல் இன்னும் அடர்த்தி ஆகிறது. 108 நிமிடப் பயணத்தின் முடிவில் அவர் கலத்திலிருந்து தனியே வெளியேறி, வோல்கா ஆற்றங்கரையில் சரத்தோவ் வட்டாரத்து வயல்வெளியில் பாராசூட்டில் வந்து இறங்கினார். முதலில் அவரைக் கண்டது வயலில் இருந்த ஒரு பாட்டியும் பேத்தியும். ஸெம்ல்யாவை விட்டுப் போனவர் ஸெம்ல்யாவுக்கு வந்தார். கோளிலிருந்து புறப்பட்டு மண்ணில் கால் வைத்தார். இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் ரஷ்யப் பிள்ளை அதை ஒரே மூச்சில் சொல்லிவிடும்.

தரையிறங்குவதற்கு அவர்கள் சொல்வது ப்ரிஸெம்லேனியே. ‘ப்ரி’ என்றால் வந்து அடைதல், ஒட்டி நிற்றல், நடுவில் ஸெம்ல்யா. மண்சேர்தல் என்று சொல்லிப் பார்க்கலாம். நீரில் இறங்கினால் வதா, தண்ணீர், உள்ளே வந்துவிடும்: ப்ரிவத்னேனியே. 1966 பிப்ரவரி 3 அன்று லுனா 9 நிலாவில் மெல்ல இறங்கியபோது சொல்லின் நடுப்பகுதியைக் கழற்றி நிலாவை மாட்டினார்கள்: ப்ரிலுனேனியே. நிலாச்சேர்தல். இறங்கிய இடம் எதுவோ அதன் பெயரையே சொல் சுமக்க வேண்டும் என்ற நேர்மை அது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 இறங்கியபோது நம் செய்திகள் ‘நிலவில் தரையிறங்கியது’ என்றன. அதிலும் குறையில்லை. நமக்கு நிலவிலும் தரை உண்டு.

ககாரின் புறப்படும்போது சொன்ன ஒரு சொல்லைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பயேஹலி. எந்த ரஷ்யக் குழந்தையிடம் கேட்டாலும் சொல்லும். அதன் இலக்கணம் அதன் புகழுக்குச் சற்றும் குறைந்ததல்ல. ரஷ்ய மொழியில் ‘போ’ என்று பொதுப்பட ஒரு வினை கிடையாது. நடந்து போவதற்கு ஒன்று, வண்டியில் போவதற்கு ஒன்று, பறந்து போவதற்கு ஒன்று. ஆரம்பநிலை மாணவர்கள் அதிகமாகத் திணறுவது இங்கேதான். மனித குலத்தில் முதன்முதலாக விண்வெளிக்குப் பறக்கப் போகிறவர் எந்த வினையை எடுப்பார்? பறத்தல் வினையை அல்லவா? அவர் எடுத்தது வண்டியில் போகும் வினையை. மாட்டு வண்டிக்கும் ரயிலுக்கும் டாக்ஸிக்கும் உரிய அன்றாட வினை. நம் ஊர் நடத்துனர் விசிலோடு சேர்த்துச் சொல்லும் ‘போலாம் ரைட்!’ என்பதன் தொனி அப்படியே அதில் இருக்கிறது. இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர், பன்னிரண்டு மாடி உயர எரிபொருளின் உச்சியில் அமர்ந்து, காலை 9.07க்கு அப்படிச் சொன்னார்.

இன்னும் இரண்டு நுட்பங்கள் அதற்குள் உண்டு. ஒன்று, அது பன்மை. கலத்தில் இருந்தது அவர் ஒருவர்தான். வினையோ ‘நாங்கள்’ என்கிறது. அவருக்காக உழைத்தவர்கள், கீழே பதுங்கறையில் ஒலிவாங்கியைப் பிடித்திருந்த தலைமை வடிவமைப்பாளர் கரல்யோவ் எல்லாரும் அந்தப் பன்மைக்குள் ஏறிக்கொள்கிறார்கள். இரண்டாவது, அது இறந்தகாலம். இனிமேல்தான் நடக்கப் போவதை நடந்துவிட்டதாகச் சொல்கிறது. வேறு சில மொழிக்காரர்களுக்கு இது விந்தை, நமக்கில்லை. இன்னும் வேட்டியைக் கட்டிக்கொண்டிருப்பவர் வாசலில் நிற்பவரிடம் ‘இதோ வந்துட்டேன்’ என்கிறார். விரைவு காரணமாகக் காலம் இப்படி மாறுவதைப் பிழையென்று தள்ளாமல் கால வழுவமைதி என்று ஏற்று, நன்னூல் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. ‘பயேஹலி’யைத் தமிழில் ‘கிளம்பிட்டோம்!’ என்று சொன்னால் காலமும் பன்மையும் உற்சாகமும் ஒன்றுகூடச் சிந்தாமல் வந்து சேர்ந்துவிடுகின்றன.

ஏவுதளத்தில் பத்து, ஒன்பது, எட்டு என்று கீழ்நோக்கி எண்ணும் பழக்கம் ரஷ்ய மரபில் இல்லை. அதற்குப் பதில் அடுத்தடுத்துக் கட்டளைகள் வரும். முதலில் ‘க்ளூச் ந ஸ்தார்த்’, சாவி புறப்பாட்டுக்கு. உண்மையிலேயே ஒரு சாவியைத் திருப்புவார்கள். கடைசியில் ‘பத்யோம்’. எழுச்சி என்று பொருள். படைமுகாமிலும் பிள்ளைகளின் கோடை முகாமிலும் அதிகாலையில் துயிலெழுப்பக் கூவும் சொல்லும் இதுவே. எழுந்திரு என்று கேட்டதும் எழுந்து நிற்கிறது ராக்கெட்.

ஆரம்பநிலை மாணவருக்கு வாக்கியம் அமைக்கக் கற்றுத்தரும் பாடமும் இந்தச் சொற்களோடுதான் இனிக்கிறது. ‘லுனா ஸ்பூத்னிக் ஸெம்லீ.’ நிலா பூமியின் துணைக்கோள். நடுவில் ‘இருக்கிறது’, ‘ஆகும்’ என எந்த ஒட்டுச் சொல்லும் இல்லை. எழுதும்போது அந்த இடத்தில் ஒரு சிறு கோடு இழுப்பார்கள், பேசும்போது ஒரு சின்ன நிறுத்தம். ஐரோப்பிய மொழி ஒன்றைப் படிக்க வந்த தமிழர் அங்கே பெயரும் பெயரும் வினையில்லாமல் கைகோத்து நிற்பதைக் கண்டதும் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கும். ககாரினுக்கு வானொலியில் வைத்த அழைப்புப் பெயர் கேத்ர், சைபீரியக் காடுகளின் ஊசியிலை மரம். தரை நிலையத்தின் பெயர், முன்பே பார்த்த ஸர்யா. ‘ஸர்யா, யா கேத்ர்’ என்று அவர் அழைத்தார். செவ்வானமே, நான் கேத்ர். இந்த மூன்று சொல் உரையாடலை முதல் வாரத்து மாணவரும் முழுதாகப் புரிந்துகொள்ளலாம். ககாரினுக்குப் பின் போனவர்கள் கழுகு, வல்லூறு, பொன்னாங்கழுகு, பருந்து என்று வரிசையாகப் பறவைகளானார்கள். 1963 ஜூன் 16 அன்று புறப்பட்ட வலந்தீனா தெரெஷ்கோவா சாய்கா, கடற்காகம். வேட்டைப் பறவைகளின் வரிசையில் அலைமேல் மிதக்கும் ஒரு வெள்ளைப் பறவையைக் கொண்டுவந்து சேர்த்த காதை நான் மெச்சுகிறேன்.

வேற்றுமை உருபுகள் வந்ததும் புதியவர்கள் பலர் புத்தகத்தை மூடிவிடுவார்கள். நிலாவை வைத்துப் படித்தால் மூட மனம் வராது. லுனா என்றால் நிலா. ‘ந லுனூ’ என்றால் நிலாவுக்கு. ‘ந லுன்யே’ என்றால் நிலாவில். முன்னால் நிற்கும் ‘ந’ இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு முழுவதும் ஈற்றிலிருக்கும் ஓர் உயிரெழுத்தில் அடங்கியிருக்கிறது. ‘ஊ’ என்று முடித்தால் கலம் இன்னும் வழியில் இருக்கிறது. ‘யே’ என்று முடித்தால் போய்ச் சேர்ந்தாயிற்று. உதடு குவிந்திருக்கும்வரை பயணம், உதடு விரிந்ததும் வருகை. ஏறக்குறைய நாலு லட்சம் கிலோமீட்டர் தூரத்தை ஒரே உயிரெழுத்து மாற்றத்தில் கடக்கிறது அந்த மொழி. நம் ‘உக்கு’வும் ‘இல்’லும் செய்கிற வேலைதான், நாம் பிறந்ததிலிருந்து அதைச் செய்வதால் வியப்பதற்கு மறந்துபோனோம்.

ஒலியின் பக்கம் வருவோம். கதிரவன் ஸோன்த்ஸே. எழுத்தில் நடுவே ஒரு ‘ல்’ உண்டு. உச்சரிப்பில் அது ஊமை. வெயில் நிறைந்த நாள் என்று சொல்ல வரும்போது, ஸோல்னெச்னி என்று அந்த ‘ல்’ வாய் திறக்கிறது. குழந்தையை, காதலியைச் செல்லமாகக் கூப்பிடும் வடிவமான ஸோல்னுஷ்க என்பதிலும் அது கேட்கிறது. வானத்தில் ஒளிந்திருந்த எழுத்து, வெயில் மேலே படும்போதும் மடியில் பிள்ளை இருக்கும்போதும் வெளியே வந்துவிடுகிறது. மொழியியலார் இதற்கு மெய்க்கூட்டத்தின் நெருக்கடி என்று சரியான காரணம் சொல்வார்கள். காரணம் தெரிந்த பிறகும் அழகு குறையவில்லை.

விண்மீன் ஸ்வெஸ்தா. பல விண்மீன்கள் ஸ்வ்யோஸ்து. ஒன்று பலவானதும் அழுத்தம் கடைசி அசையிலிருந்து முதலுக்குத் தாவுகிறது. ‘எ’ விரிந்து ‘யோ’ ஆகிறது. அந்த எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள் ஏறுகின்றன. பெரியவர்களின் புத்தகங்களில் அந்தப் புள்ளிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கான நூல்களில் மட்டும் தவறாமல் அச்சிடுவார்கள். சொல்லின் ஈற்றில் நான் ‘து’ என்று எழுதியதை உதடு குவிக்காமல் சொல்ல வேண்டும், ‘மாடு’, ‘பாட்டு’ என்பவற்றின் கடைசி ‘உ’ மாதிரி. ரஷ்ய மொழி பயில்கிற ஐரோப்பியர் பலரைப் படாதபாடு படுத்தும் உயிரெழுத்து அது. நம் குற்றியலுகரத்துக்கு அது நெருங்கிய சொந்தம். தமிழ் நாக்கு அந்த இடத்தில் பாதி வேலையை முன்பே முடித்து வைத்திருக்கிறது. ஆனால் ‘ஸ்வ’ என்று மெய்யிரட்டையோடு சொல்லைத் தொடங்க நம் நாக்கு இசையாது, முன்னால் ஓர் ‘இ’யைத் தேடும். அதைப் பழக்கத்தால்தான் பணிய வைக்க வேண்டும்.

எண்ணிப் பாருங்கள்: ஒன்றுக்கு ஸ்வெஸ்தா; இரண்டு, மூன்று, நான்குக்கு வேறு உருவம், ஸ்வெஸ்து; ஐந்திலிருந்து இருபதுவரை இன்னொரு உருவம், ஸ்வ்யோஸ்த். இருபத்தொன்று வந்ததும் மறுபடி ஒருமை ஸ்வெஸ்தா! கூட்டத்துக்குள் கடைசியாக வந்து நிற்கும் அந்த ஒன்றுக்கு மொழி தனி மரியாதை கொடுக்கிறது.

நிலாவுக்கு லுனாவைத் தவிர இன்னொரு சொல்லும் உண்டு: மேசியத்ஸ். பிறை நிலவைக் குறிக்கும். மாதம் என்றும் அதற்குப் பொருள். நம்முடைய ‘திங்கள்’ எப்படி நிலவாகவும் மாதமாகவும் இருக்கிறதோ அப்படியே. நாம் ஒருபடி மேலே போய் வாரத்தின் ஒரு நாளையும் அதற்கே கொடுத்தோம். லுனா பெண்பால், மேசியத்ஸ் ஆண்பால், ஸோன்த்ஸே இரண்டும் அல்லாத பால்: ரஷ்யரின் வானில் முழுநிலவு தேய்ந்து பிறையாகும்போது இலக்கணப் பாலும் மாறிவிடுகிறது.

எடையின்மைக்கு நெவெஸோமஸ்த். ‘நெ’ இன்மை, ‘வெஸ்’ எடை, ஈற்றில் ‘ஓஸ்த்’ நம் ‘மை’ விகுதி செய்யும் வேலையைச் செய்கிறது. எடை, இன், மை என்று நாம் அடுக்கிய அதே மூன்று கற்களை அவர்கள் வேறு வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். அதே விகுதி கொண்ட ‘ஸ்கோரஸ்த்’ என்றால் வேகம். ரஷ்யப் பள்ளிப் பாடத்தில் முதலாம் விண்வெளி வேகம், இரண்டாம் விண்வெளி வேகம், மூன்றாம் விண்வெளி வேகம் என்று மூன்று உண்டு: நொடிக்கு 7.9 கி.மீ. இருந்தால் பூமியைச் சுற்றலாம், 11.2 இருந்தால் பூமியின் பிடியை விடலாம், 16.7 இருந்தால் சூரியக் குடும்பத்தையே விட்டு வெளியேறலாம். முதலாம், இரண்டாம், மூன்றாம் என்னும் எண்ணுப் பெயர்களைப் படிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் எந்த மொழியின் பாடத்திலும் கண்டதில்லை.

கிராமம் இருக்கிறது என்றேன் அல்லவா? பேரண்டத்துக்கு ரஷ்யச் சொல் வ்ஸெலேன்னயா. அதன் வேரில் குடியேறுதல் என்ற பொருள் இருக்கிறது. கிராமத்துக்கான ‘ஸெலோ’வும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். மக்கள் குடியிருக்கும் உலகு என்ற கிரேக்கச் சொல்லின் அச்சில் பழஞ்சிலாவிய மொழியில் வார்க்கப்பட்டது. புதுமனை புகுவிழாவுக்கு ரஷ்யர்கள் வைத்திருக்கும் ‘நவஸேலியே’ அதற்கு ஒன்றுவிட்ட தங்கை. கோடானுகோடி விண்மீன்களுக்கு இடையே எவ்வளவு வெறுமை கிடக்கிறது என்று இன்று நமக்குத் தெரியும். சொல்லோ அதைக் குடியிருப்பு என்கிறது.

‘மீர்’ என்ற சொல்லும் அப்படித்தான். உலகம் என்றும் பொருள், அமைதி என்றும் பொருள். 1918இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை இரண்டையும் வெவ்வேறு ‘இ’ போட்டு எழுதினார்கள். பிறகு எழுத்தும் ஒன்றாயிற்று. பழைய ரஷ்யாவில் நிலத்தைப் பொதுவில் வைத்திருந்த கிராமச் சமூகத்துக்கும் மீர் என்றுதான் பெயர். 1986 பிப்ரவரி 20 முதல் 2001 மார்ச் 23 வரை பூமியைச் சுற்றிய விண்வெளி நிலையத்துக்கு அவர்கள் சூட்டியது அந்தச் சொல்லை. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு மீர் வேறு விதத்தில் பழக்கம்: மாஸ்கோவில் அச்சாகிச் சென்னையில் மலிவு விலைக்குக் கிடைத்த அறிவியல் நூல்களின் முதல் பக்கத்தில் இருந்த பதிப்பகத்தின் பெயர் அது. தமிழில் இயற்பியல் படித்த கைகள் அந்தப் பெயரைத் தெரியாமலே தடவியிருக்கின்றன.

கடைசியாகச் சோயுஸ். ஒன்றியம், கூட்டு, சோவியத் ஒன்றியத்தின் பெயரிலும் இதுவே. ஆரம்பநிலை மாணவர் இதை முதலில் சந்திப்பது பெரும்பாலும் இலக்கண வகுப்பில்தான்: ‘உம்’, ‘ஆனால்’ போன்ற இணைப்புச் சொற்களுக்கு ரஷ்ய இலக்கணம் வைத்திருக்கும் கலைச்சொல் சோயுஸ். ஒரு கலம் இன்னொன்றோடு போய் இணைய வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்ட ஊர்திக்கு இணைப்பிடைச்சொல்லின் பெயர் பொருந்தி நிற்பதை ரஷ்ய இலக்கண ஆசிரியர்கள் ரசிக்காமலா இருந்திருப்பார்கள்? 1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா ஏறிப்போனது சோயுஸ் டி-11இல். அதற்கு முன் மாஸ்கோவை அடுத்த விண்மீன் நகரத்தில் பயிற்சியும் ரஷ்ய மொழியும் சேர்ந்தே நடந்தன. ககன்யான் திட்டத்துக்காக 2020இல் அதே ஊருக்குப் போன நான்கு இந்திய விமானிகளில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

சோயுஸின் பெயர் முழுதாகப் பலித்தது 1975 ஜூலை 17 அன்று. அமெரிக்க அப்போலோவும் சோவியத் சோயுஸும் பூமிக்கு மேலே இணைந்தன. இரு குழுவினரும் முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்: ஒவ்வொருவரும் தம் மொழியைப் பேசக் கூடாது, எதிராளியின் மொழியைத்தான் பேச வேண்டும். தாய்மொழியில் பேசுகிறவர் வேகமாகப் பேசுவார், சொற்களை விழுங்குவார். கற்ற மொழியில் பேசுகிறவர் தெரிந்த சொற்களைத் தேடி எடுத்து, நிறுத்தி, தெளிவாக வைப்பார்; கேட்பவருக்கு அது அவருடைய சொந்த மொழி, தப்பவே தப்பாது. ஆரம்பநிலைச் சொற்களின் அருமையை இதைவிட நன்றாக உணர்ந்த ஏற்பாடு இல்லை. அமெரிக்கத் தளபதி தாமஸ் ஸ்டாஃபோர்டு ஓக்லஹோமாக்காரர். அந்த ஊர் இழுவை அவர் ரஷ்யப் பேச்சிலும் குறையவில்லை. அந்தப் பயணத்தில் ரஷ்யன், ஆங்கிலம், ஓக்லஹோம்ஸ்கி என்று மூன்று மொழிகள் பேசப்பட்டதாக சோவியத் தளபதி அலெக்ஸேய் லியோனவ் அன்போடு சொல்லிவந்தார். அந்த நட்பு கடைசிவரை இருந்தது. 2019 அக்டோபரில் லியோனவ் மறைந்தபோது, எண்பத்தொன்பது வயதில் ரஷ்யாவுக்குப் போய், அவர் உடலருகே நின்று ஸ்டாஃபோர்டு இரங்கலுரை ஆற்றினார், ரஷ்ய மொழியில்.